ஆ அக்காவின் பூச்சி

பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஆஸ்பத்திரியின் வருகைப் பதிவேட்டோடு சரி. பல் ஆஸ்பத்திரியில் குழந்தைகள் பிரிவுக்கு வரும் வாண்டுகள் எல்லோருக்கும் அவள் "ஆ அக்கா". "எங்க, அக்காவுக்கு ஆ காட்டு" என்று பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லி, அந்த ஒற்றை எழுத்தே பெயராக ஒட்டிக்கொண்டது. தெருவில் காய் வாங்கிக்கொண்டிருப்பாள். முதுகுக்குப் பின்னால் ஒரு குட்டிக் குரல் "ஆ அக்கா" என்று கூப்பிடும். திரும்பினால் ஒரு பொடிசு வாயை அகலத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும். ஆ அக்கா அங்கேயே குனிந்து பார்த்து, "நல்லா இருக்கு, மூடிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயை எடுப்பாள்.

கணக்குப்படி அவள் டாக்டருக்கு உதவியாள். தட்டில் கருவிகளை வரிசையாக வைப்பது, விளக்கைத் திருப்புவது, வாயில் ஊறும் எச்சிலைக் குழாய் வைத்து உறிஞ்சுவது, கண்ணாடிப் பலகையில் சிமெண்ட்டைக் குழைத்துக் கொடுப்பது, இவைதான் வேலை. ஆனால் அவளைத் தேடுவது இதற்காக அல்ல. உதட்டை இறுக்கிக்கொண்டு வரும் குழந்தை எதுவானாலும், அவள் முன்னால் உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிடம் வாயைத் திறந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த தலைக்கனம்தானே.

அவள் கணவர் கொத்தனார். "ரெண்டு பேருக்கும் ஒரே தொழில்தான். நான் செவுத்துல ஓட்டைய அடைக்கிறேன், நீ பல்லுல அடைக்கிற. என் செவுரு கடிக்காது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்பார்.

மாதம் ஒரு மழலையர் பள்ளிக்கு அவள் போவாள். தலையணை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தாடை, முழங்கை நீளத்தில் ஒரு பிரஷ். பட்டாணி அளவு பேஸ்ட் போதும், இரண்டு நிமிடம் தேய்க்க வேண்டும், தூங்கப் போகும் முன் கட்டாயம் தேய்க்க வேண்டும், தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது பிள்ளைகள் பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போதுதான் அவள் தன் கடைசி அஸ்திரத்தை எடுப்பாள்.

"தேய்க்காமத் தூங்கினா என்ன ஆகும் தெரியுமா? பல்லுக்குள்ள ஒரு பூச்சி வந்து குடியேறிடும்."

அறை கப்சிப் என்று ஆகிவிடும்.

டாக்டர் இளம் பெண். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே சொல்லிப் பார்த்தார். "பூச்சின்னு சொல்லாதீங்கக்கா. பல்லுல பூச்சியே கிடையாது."

"ஒரு பேச்சுக்குத்தானே டாக்டர். பயந்தாத்தான் தேய்க்கும்" என்று ஆ அக்கா சிரித்துவிட்டாள்.

இந்த இடத்தில்தான் குண்டூசி வந்து சேர்ந்தாள். ஐந்து வயது, ஒல்லி, பார்வை சுருக்கென்று தைக்கும். அப்பா வைத்த செல்லப் பெயர் அது. அவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். வலப்பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் கருப்பாக ஏதோ தெரிகிறது என்று அழைத்து வந்திருந்தார். ஆனால் மகள் வாயைத் திறக்கவில்லை. ஆ அக்கா கையுறையை ஊதிக் கோழி செய்து காட்டினாள். நாற்காலியை ஏற்றி இறக்கினாள். தன் வாயையே திறந்து காட்டினாள். குண்டூசி எல்லாவற்றையும் ரசித்துப் பார்த்தாள், சிரித்தாள், உதட்டைப் பிரிக்காமலே சிரித்தாள். கடைசியில் ஒரு தும்மல் வந்தபோது கிடைத்த இடைவெளியில் டாக்டர் எட்டிப் பார்த்ததுதான் மிச்சம்.

"குழி இன்னும் நரம்பு வரைக்கும் போகல. சீக்கிரம் அடைச்சா பல்லு தப்பிச்சுக்கும். விட்டா பிடுங்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

"பால் பல்லுதானே, எப்படியும் விழப்போகுது" என்றார் அப்பா.

"இந்தப் பல்லு பத்து வயசு வரைக்கும் இடத்தைப் பிடிச்சு வைக்கணும். முன்னாடியே போயிடுச்சுன்னா பக்கத்துப் பல்லு சாஞ்சிடும், புதுசு கோணலா வரும்."

அடுத்த வாரம் இரண்டாம் முறை வந்தபோதும் அதே கதை. பூட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எந்தப் பூட்டையும் திறந்துடுவேன்கா. இந்த வாய மட்டும் முடியல." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு சொல்லணும். ராத்திரி தேய்ச்சு முடிச்சதும், சமையல்கட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை சக்கரைய எடுத்து அந்த ஓட்டைல வச்சுக்குது. நேத்துதான் கையும் களவுமாப் பிடிச்சேன். கேட்டா, பூச்சிக்குச் சாப்பாடாம்."

"எந்தப் பூச்சிக்கு?"

"நீங்கதான் ஸ்கூல்ல சொன்னீங்களாம்."

ஆ அக்கா திருதிருவென்று விழித்தாள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் பயந்த கதைக்கு இருபத்தொன்பதாவது பிள்ளை மகிழ்ந்துபோயிருக்கிறது. வீட்டில் தீப்பெட்டி தீப்பெட்டியாக எறும்பும் வண்டும் வளர்க்கிற பிள்ளை அது. தன் வாய்க்குள்ளேயே ஒன்று குடி வந்தால் விடுமா? டாக்டர் அடுத்த குழந்தையின் சீட்டை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஆ அக்காவுக்கு.

அன்று இரவு சோற்றைப் பிசைந்துகொண்டே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். விஷயத்தைக் கேட்ட கணவர் முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்புறம் தொழில்காரராகப் பேசினார். "செவுத்து ஓட்டைய அடைக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்காரரக் கூப்பிட்டு, உள்ள ஒண்ணும் இல்ல பாருங்கன்னு காட்டிடுவேன். காட்டாமப் பூசினா, உள்ள பாம்பு இருக்குன்னே காலத்துக்கும் சொல்லிக்கிட்டிருப்பாங்க."

மூன்றாம் முறை குண்டூசி வந்தபோது, ஆ அக்கா டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் அவள் கையிலேயே கொடுத்தாள். "நீயே பாரு. நான் தொடக்கூட மாட்டேன்."

குண்டூசி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வாயைத் திறந்து வெகுநேரம் ஆராய்ந்தாள். திரும்பியபோது முகம் வாடியிருந்தது.

"காணோம். வெளில போயிருக்கு."

டாக்டர் முகமூடிக்குள் இருமினார். ஆ அக்காவின் நாக்கு நுனியில் அருமையான பதில் ஒன்று வந்து நின்றது: ஆமாம் செல்லம், வேறு வீடு பார்த்துப் போய்விட்டது, நாம் கதவை அடைத்துவிடலாம். வேலை ஒரு நொடியில் முடிந்திருக்கும். ஆனால் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்தாள். இது அதோடு விடாது. போன பூச்சியைத் திரும்ப அழைக்க மிச்சமிருக்கும் பத்தொன்பது பல்லுக்கும் சர்க்கரை வைக்கும்.

"அது எங்கயும் போகல கண்ணு. பூச்சியே கிடையாது. நான் பொய் சொல்லிட்டேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்குக் காது மடல் சுட்டது. பூட்டுக்காரர் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்.

குண்டூசி யோசித்தாள். "அப்ப நான் வச்ச சக்கரையெல்லாம் யாரு சாப்பிட்டா?"

"யாரும் சாப்பிடல. அது அங்கயே இருந்து புளிச்சுப் போய், பல்லக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சிடுச்சு."

"அதாவது வாயில இருக்கிற கிருமி..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

குண்டூசியின் கண் பளிச்சென்றது. "கிருமின்னா?"

"அதுக்குக் கண்ணும் கிடையாது, காலும் கிடையாது, மூஞ்சியே கிடையாது" என்றாள் ஆ அக்கா அவசரமாக. மூஞ்சியில்லாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பளிச்சென்ற கண் அணைந்தது.

"ஏன் பொய் சொன்னீங்க?"

"நீங்கல்லாம் பயந்தாத்தான் தேய்ப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் பயப்படலயே."

"ஆமா. அங்கதான் எனக்குத் தப்பாப் போச்சு."

குண்டூசி நாற்காலியையும் கருவித் தட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடு மறுபடி இறுகியது. பிறகு கேட்டாள்: "இப்ப வலிக்குமா?"

எத்தனையோ முறை கேட்ட கேள்வி. இத்தனை வருடமும் அதற்கு அவளிடம் ஒரே பதில்தான்: துளிகூட வலிக்காது. இன்று அதைச் சொல்லாமல் விட்டாள்.

"சத்தம் வரும். பல்லு கூசும். கொஞ்சம் வலிச்சாலும் வலிக்கும். வலிச்சா கையத் தூக்கு, உடனே நிறுத்திடுவோம்."

"நெஜமா?"

"நெஜமா."

யாரும் கேட்காமலே குண்டூசி வாயைத் திறந்தாள். "ஆ."

முதல் நிமிடத்திலேயே கையைத் தூக்கினாள். கருவி நின்றது. வலியெல்லாம் இல்லை, நிற்கிறதா என்று பார்த்தாளாம். இரண்டாம் முறை தூக்கினாள், நின்றது. மூன்றாம் முறை மூக்கு அரித்தது. அதற்குப் பிறகு கை மடியிலேயே கிடந்தது. ஆ அக்கா சிமெண்ட்டைக் குழைத்துக் கொடுக்கும்போது கண் கலங்கிவிட்டது. மருந்து நெடி என்று சமாளித்தாள். பல் பிழைத்துக்கொண்டது.

ஐந்து மாதம் கழித்து அதே பள்ளிக்கு மீண்டும் போனாள். அதே தாடை, அதே பிரஷ். பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கத் தொடங்கினார்கள். பதினாறு வருடப் பழக்கம் சும்மா விடுமா?

"தேய்க்காமத் தூங்கினா பல்லுக்குள்ள ஒரு பூ..."

முதல் வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்த குண்டூசி நிமிர்ந்து பார்த்தாள். "பூ?"

ஆ அக்கா தாடையைக் கீழே வைத்தாள். அசடு வழிந்தாலும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. "பூவும் இல்ல, பூச்சியும் இல்ல. பழக்கத்துல வாய்ல வந்துடுச்சு."

குண்டூசி எழுந்து வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். வாயைத் திறந்து, வெள்ளையாக அடைத்த பல்லை விரல் வைத்துக் காட்டினாள். "பூச்சியெல்லாம் கிடையாது, நான் டார்ச் அடிச்சுப் பாத்துட்டேன். சக்கரைதான் கரைச்சுச்சு. அடைக்கும்போது கூசும். கையத் தூக்கினா நிறுத்துவாங்க."

ஜன்னல் பக்கம் ஒரு தலைகூடத் திரும்பியிருக்கவில்லை. குண்டூசி உட்கார்ந்து, மறுபடி கை கட்டிக்கொண்டாள்.

"இப்ப நீங்க சொல்லுங்கக்கா" என்றாள்.