வீட்டைக் கட்டிப்போட்டவள்

அறுபத்தாறு வயதில், கொட்டுகிற மழையில், இரவு உடுப்பின் மேல் புருஷனின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, ஒரு நாயிடம் "ஒரே ஒரு சொட்டு, என் கண்ணுல்ல" என்று கெஞ்சிக்கொண்டு நிற்போம் என்று அலைடா ஒருநாளும் நினைத்ததில்லை. நாற்பத்தோரு வருஷம் எழுபது மீட்டர் நீளச் சரக்குப் படகை ஓட்டியவள் அவள். காபிக் கோப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டே, இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, பாலத்தூண்களுக்கு நடுவே படகை நுழைத்து வெளியே கொண்டுவந்துவிடுவாள். மணல், கோதுமை, உரம், ஒருமுறை ஒரு சர்க்கஸ் கம்பெனியின் கூடாரம் என்று என்னென்னவோ அவள் சொன்னபடி கேட்டு நகர்ந்திருக்கிறது. ஆறு கிலோ எடையுள்ள யோரிஸ் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை.

யோரிஸ் கன்னங்கரேலென்று, வாலில்லாமல், நரி முகத்தோடு இருக்கும். அந்த ஜாதியைப் படகுக்காரர்கள்தான் வளர்ப்பார்கள். எலி பிடிக்கும், கரையில் போகிறவர்களைப் பார்த்துக் குரைக்கும், மீதி நேரமெல்லாம் படகே தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருக்கும். ஒன்பது வயதுவரை அதன் எல்லாக் கடன்களும் முன்தளத்தில் கிடந்த பழைய கயிற்றுப் பாயின் மேல்தான் நடந்தன. முடிந்ததும் அவள் புருஷன் லுப்பர்ட் ஒரு வாளித் தண்ணீரை வீசிக் கழுவித் தள்ளிவிடுவான். இப்போது ஸ்வார்ட்ஸ்லைஸ் என்ற துறைமுக ஊரில் வீடு வந்துவிட்டது, பின்னால் தோட்டம், நல்ல பச்சைப் புல், நீலப் பூ பூக்கும் ஹைட்ரேஞ்சாச் செடி. இத்தனையும் அந்த நாயின் கண்ணுக்குத் தரைவிரிப்பு மாதிரி பட்டதோ என்னவோ, வெளியே விட்டால் புல்லின் நடுவில் போய் உட்கார்ந்து, தோட்டம் எப்போது கிளம்பும் என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

சும்மா ஒரு நாய் தோட்டத்தில் போகவில்லை என்றால் யாருக்கு என்ன? ஆனால் இந்த நாயின் மூத்திரத்தில் அலைடாவின் வீடே தொங்கிக்கொண்டிருந்தது. படகை விற்கலாம், கரைக்குப் போகலாம் என்று அவள் மூன்று வருஷம் சொல்லிச் சொல்லி, கடைசியில் லுப்பர்ட் வசந்த காலத்தில் இறங்கி வந்தான். அவனுக்கு அறுபத்தொன்பது, முட்டி இரண்டும் போய்விட்டது. இறங்கி வந்தவன் ஒரு கொக்கியும் போட்டுவிட்டுத்தான் வந்தான்.

"நாம மூணு ஜீவன் இருக்கோம். மூணு பேருக்கும் தரை ஒத்துக்கணும். யோரிஸ் தோட்டத்துல போயிட்டான்னா நான் கையெழுத்துப் போடுறேன். போகலைன்னா படகை விக்கல, மறுபடி தண்ணிக்குப் போறோம்."

"சரிப்பா, சரி. ஒரு நாய்க்கு எத்தனை நாளாகும்?" என்று சிரித்துக்கொண்டே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். ஏழு வாரமாயிற்று. படகை வாங்க ஒரு இளம் ஜோடி துறைமுகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு நோட்டரி அலுவலகத்தில் கையெழுத்து என்று நாளும் குறித்தாயிற்று. அதுவரைக்கும் காலையும் மாலையும் லுப்பர்ட் யோரிஸை அழைத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், கட்டிக்கிடந்த படகின் பாயில் காரியத்தை முடித்துக்கொண்டு வருவான். "பாத்தியா, அவனுக்கு வீடு அங்கதான் இருக்கு" என்று வேறு சொல்லிக் கடுப்பேற்றுவான்.

அலைடாவுக்கு வீடு எதற்கு என்று லுப்பர்ட்டுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே பேசுவதுதான் அவளுக்கு ஆத்திரம். மகள் மாரிட்டை ஆறு வயதில் படகுக்காரர் பிள்ளைகளின் விடுதியில் விட்டார்கள். எல்லோரும் அப்படித்தான் விட்டார்கள், வேறு வழி இல்லை. பத்து வருஷம் அலைடா வெள்ளிக்கிழமை சாயங்காலம் முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரைதான் தாயாக இருந்தாள். இப்போது மாரிட் இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். போன வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, காரணமே இல்லாமல் பின்கதவைத் திறந்துகொண்டு வந்து, "காபி இருக்காம்மா?" என்றாள். அவள் போன பிறகு அலைடா கோப்பையைக் கழுவாமல் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வாரத்தின் நடுவில் ஒரு மகள் வருவாள் என்பதே அவளுக்குப் புதுசு. அந்தச் செவ்வாய்க்கிழமையை ஒரு நாய்க்காக விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

லுப்பர்ட்டின் பாடும் பரிதாபம்தான், அதையும் சொல்ல வேண்டும். வீடு சத்தமே போடாமல் நிற்கிறது என்று அவனுக்குத் தூக்கம் வரவில்லை. அடுப்புக்கு மேலே புகை இழுக்க வைத்திருந்த மின்சாரச் சிம்னியை ஒருநாள் தற்செயலாக மூன்றாம் வேகத்தில் போட்டவன், "அட, நம்ம எஞ்சின் சும்மா ஓடுற சத்தம்!" என்று முகம் மலர்ந்தான். அதிலிருந்து அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோதும் அதை ஓடவிட்டு, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பான். வாசிப்பதற்குச் சிம்னி ஓட்டுகிற மனுஷனை ஸ்வார்ட்ஸ்லைஸ் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாய்க்குப் புத்தி சொல்லப் பக்கத்து வீட்டு டினகே வந்தாள். ஏழு நாய்களையும் இரண்டு புருஷர்களையும் வளர்த்து அனுப்பியவள், அந்த வரிசையில்தான் சொல்லுவாள். அவள் யோசனைப்படி பாலாடைக்கட்டித் துண்டுகளைப் புல்லில் போட்டார்கள். யோரிஸ் தின்றது. ஈரல் தொத்திறைச்சி வைத்தார்கள், அதையும் தின்றது. படகிலிருந்து பழைய பாயையே தூக்கிவந்து விரித்தார்கள், அதன் மேல் படுத்துத் தூங்கியது. பதினாலு மணி நேரம் அடக்கிவைத்திருந்த அன்றைக்குக்கூட அதன் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"யாராவது செஞ்சு காட்டணும். நாய் பாத்துத்தான் கத்துக்கும்" என்றாள் டினகே.

இரண்டு பெண்களும் லுப்பர்ட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் மாட்டேன்" என்றான் லுப்பர்ட்.

"நீதானே மூணு ஜீவன்னு சொன்ன? ரெண்டாவது ஜீவன் காட்டட்டும். நாங்க திரும்பி நிக்கிறோம்" என்றாள் அலைடா.

அவன் வேலியோரம் போய் நின்றான். யோரிஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து அவனை வெகு மரியாதையாகக் கவனித்தது. அந்த நேரம் பார்த்துத்தான் வேலிக்கு அந்தப் பக்கம் பாதிரியார் சைக்கிளில் வந்தார். "நல்ல மழை வரும்போல இருக்கே, லுப்பர்ட்" என்று சொல்லிவிட்டு அவர்பாட்டுக்குப் போய்விட்டார். லுப்பர்ட் அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு கோயில் பக்கம் தலைகாட்டவில்லை. நாய் ஒன்றும் கற்றுக்கொள்ளவும் இல்லை.

வியாழக்கிழமை லுப்பர்ட் பல் வைத்தியரிடம் போனதால், யோரிஸைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போகும் வேலை முதல்முறையாக அலைடாவின் தலையில் விழுந்தது. பாயைத் திரும்பப் படகில் போட்டாயிற்று. நாயை அதன் மேல் நிறுத்தினாள். யோரிஸ் அவளைப் பார்த்தது. அவள் யோரிஸைப் பார்த்தாள். கால் மணி நேரம் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அலைடா அசந்துபோனாள். இது அதன் படகு, அதன் பாய், அதன் நேரம். பிறகு என்னதான் வேண்டும் இந்தச் சனியனுக்கு?

அப்போது வேறொரு படகு உள்ளே வந்து, நான்கு இடம் தள்ளி ஓரம் கட்டியது. முன்னால் நின்ற ஆள் வடத்தைக் கரை முளையில் சுற்றினான். வடம் இறுகிக் கிறீச்சிட்டது. "கட்டியாச்சு!" என்று அவன் பின்னால் பார்த்துக் கத்தினான்.

யோரிஸ் உடனே எழுந்து, காலைத் தூக்கியது.

அலைடா அங்கேயே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தோரு வருஷமாகப் படகை ஓட்டியது அவள், வடத்தைப் பிடித்தது லுப்பர்ட். தண்ணீரை ஏற்றி இறக்கிப் படகை விடும் மதகுக்குள் நுழைந்தாலும் சரி, துறைக்கு வந்தாலும் சரி, அவன் முன்னால் நின்று தூரத்தை எண்ணிச் சொல்லுவான், வடத்தைச் சுற்றுவான், "கட்டியாச்சு!" என்பான். அதுவரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது. நாயும்தான். குட்டியாக இருக்கும்போதே அது அப்படிப் பழகிவிட்டது. தோட்டத்தில் அது பிடிவாதம் பிடிக்கவில்லை. வீடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தது. கட்டியாயிற்று என்று அதனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த கையோடு தோட்டத்தில் நின்று அவளே கத்திப் பார்த்தாள். "கட்டியாச்சு!"

"என்ன கட்டியாச்சு?" என்றாள் டினகே, வேலிக்கு மேலே தலையை நீட்டி.

யோரிஸ் அலைடாவைப் பரிதாபமாகப் பார்த்தது. சுக்கானைப் பிடிக்கிறவள் சொல்லுகிற சொல்லா இது? வடம் எங்கே? கிறீச் எங்கே?

பாதி வாய் மரத்துப்போய்த் திரும்பி வந்த லுப்பர்ட்டைக் கதவிலேயே மடக்கினாள். "உனக்குத் தெரியும், இல்ல? தினமும் காலையில அங்க போய் அதைச் சொல்லித்தானே போக வைக்குற?"

லுப்பர்ட்டின் காதிரண்டும் சிவந்தன. "தெரியும்."

"ஏழு வாரமா என்னை மழையில நிக்க வச்சுக் கூத்தாடுனியே, பாவி! இங்க வந்து ஒரு தடவை சொன்னா என்ன?"

"வடத்தை இழுத்துப் பாத்துட்டுத்தான் அங்கயும் சொல்றேன். கட்டாததைக் கட்டியாச்சுன்னு என் ஆயுசுல சொன்னதில்ல, அலைடா. நான் சொன்னா நீ எஞ்சினைத் தணிப்ப. பொய் சொன்னா ஆள் சாவும். நாய்க்காகவும் சொல்ல மாட்டேன், உனக்காகவும் சொல்ல மாட்டேன்."

அவன் மழுப்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. இவனும் நாயும் ஒரே அச்சு. இரண்டுக்கும் பொய் ஆகாது. கோபத்தில் அவனை அடிக்கலாம்போல் இருந்தது, அதே நேரம் அந்த வார்த்தையை நம்பித்தானே இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினோம் என்றும் இருந்தது.

சரி, பொய் வேண்டாம் என்று முடிவெடுத்தாள்.

வெள்ளிக்கிழமை லுப்பர்ட் துறைமுகத்தில் இருந்த நேரம், அவளும் டினகேயும் புல்லின் நடுவே குழி தோண்டி, தொடை பருமனுக்கு ஒரு ஓக் கட்டையை இறக்கி, சுத்தியலால் அடித்து நிறுத்தினார்கள். பின்வாசல் படியோரம் சுவரிலேயே பதித்த இரும்புக் கைப்பிடி ஒன்று உண்டு. படகின் பழைய வடத்தை எடுத்துவந்து ஒரு நுனியை அதில் முடிந்தாள் அலைடா. மீதியைச் சுருட்டிப் புல்லில் போட்டாள்.

"வீடு கட்டுறவங்களைப் பாத்திருக்கேன். கயித்தால கட்டுறவளை இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் டினகே.

"இது என்ன?" என்றான் லுப்பர்ட், வந்ததும்.

"ரோஜாக்கொடி ஏத்த."

அவன் வடத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனான். படகை விட்டு வந்தவர்கள் வீட்டில் ஒரு வடம் கிடப்பது அவனுக்கு அதிசயமாகப் படவில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை காலை ஏழரை மணி. லுப்பர்ட் கோடுபோட்ட பைஜாமாவில், மரக்காலணி போட்டுக்கொண்டு, வானம் எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தோட்டத்துக்குள் இறங்கினான். யோரிஸ் புல்லில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, ராத்திரி முழுக்க அடக்கிக்கொண்டு. அலைடா சமையலறையில் சிம்னியை மூன்றாம் வேகத்துக்குத் திருப்பினாள். ஜன்னலை அகலத் திறந்தாள். பிறகு, காற்றில் எழுபது மீட்டர் தாண்டிப் போய்ச் சேரும் தன் பழைய குரலில் கத்தினாள்.

"லுப்பர்ட்! முன்னால எவ்வளவு?"

லுப்பர்ட் யோசிக்கவே இல்லை. அவன் கால்கள் யோசிக்காமல் ஓடின, போன முட்டியோடு. "அஞ்சு மீட்டர்!" என்று கத்தினான். "மெதுவா! நாலு! மூணு!" ஐம்பது வருஷமாக ஒரு விரற்கடை நகராத வீடு அவன் எண்ண எண்ண நெருங்கி வந்தது. "பின்பக்கம் கொஞ்சம் உள்ள! ரெண்டு! ஒண்ணு!" வடத்தைக் குனிந்து அள்ளினான், கட்டையில் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மேலே எட்டு வடிவத்தில் ஒரு பூட்டு. முழு உடம்பையும் கொடுத்துச் சாய்ந்தான். வடம் புல்லை விட்டு எழுந்து, கைப்பிடிவரை விறைத்து, கிறீச்சிட்டது.

"கட்டியாச்சு!"

யோரிஸ் எழுந்தது. நேராக ஹைட்ரேஞ்சாச் செடிக்கு நடந்தது. காலைத் தூக்கியது.

"கடவுளே!" என்றாள் டினகே வேலிக்கு அந்தப் பக்கம். கையில் இருந்த ரொட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

லுப்பர்ட் வடத்தைப் பிடித்தபடியே நின்றான். நாயைப் பார்த்தான். தன் பைஜாமாவைப் பார்த்தான். ஜன்னலில் தெரிந்த அலைடாவைப் பார்த்தான்.

"ஏமாத்திட்ட."

"யாரு கத்துனது? நீதானே? நல்லா இழுத்துப் பாரு. பொய்யா?"

அவன் நிஜமாகவே இழுத்துப் பார்த்தான். மரக்காலணியால் வடத்தை மிதித்தும் பார்த்தான். படிவரை நடந்துபோய், கைப்பிடியில் இருந்த முடிச்சைத் தடவினான். "இந்தப் பக்கம் யாரு முடிஞ்சது?"

"நான்தான்."

"சரியாத்தான் இருக்கு" என்றான். "கெட்டியா இருக்கு."

அலைடாவுக்கு அது போதவில்லை. மதகுக்குள் நிற்கும்போது லுப்பர்ட் வாயால் மட்டும்தான் சொல்லுவான், தண்ணீர் ஏறியதும் மறுபடி கிளம்ப வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். இனிமேல் போவதில்லை, இங்கேதான் தங்குகிறோம் என்றால் வலது கையை மேலே தூக்குவான். அதைப் பார்த்தபிறகுதான் அவள் எஞ்சினை நிறுத்துவாள். வாயால் சொல்ல வைக்க அவளுக்குத் தந்திரம் தெரியும். கையைத் தூக்க வைக்க எந்தத் தந்திரமும் கிடையாது. சிம்னியின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்து நின்றாள்.

லுப்பர்ட் கொஞ்ச நேரம் துறைமுகம் இருக்கும் பக்கம் பார்த்தான். அங்கிருந்து வேலியும் டினகேயின் தலையும்தான் தெரிந்தன. மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பிறகு மெதுவாக, முழங்கை நேராகும்வரை, வலது கையைத் தூக்கினான்.

அலைடா பொத்தானை அழுத்தினாள். சிம்னி இழுத்து இழுத்து ஓய்ந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீடு முழுக்க ஒரு சத்தமும் இல்லை. தோட்டத்தில் மட்டும் யோரிஸ் இன்னும் முடிக்கவில்லை, ஹைட்ரேஞ்சா இலைகளின் மேல் சோவென்று விழுந்துகொண்டே இருந்தது.