ஆவாரம்பட்டை உருண்டை

பஸ்ராவிலிருந்து என் வீட்டுக்காரர் கொண்டுவந்த சாமான்கள் மூன்று. ஒரு கம்பளி, ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் அபின். கம்பளியைப் பூச்சி அரித்துவிட்டது. டப்பா இன்றும் என்னிடம்தான் இருக்கிறது, கிராம்பு போட்டு வைத்திருக்கிறேன். அபின் போன கதையைத்தான் சொல்ல வந்தேன்.

கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்து, கடல் தாண்டி பஸ்ரா சண்டைக்குப் போனார். துப்பாக்கி பிடிக்கும் வேலை இல்லை. அடிபட்டவர்களைத் தூக்கி வருகிற வேலை. அங்கே சீதபேதி வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரிக் கூடாரத்தில் அபினை மருந்தாகக் கொடுத்திருக்கிறார்கள். பேதி நின்றது, அபின் நிற்கவில்லை. சண்டை முடிந்து ஆம்பூருக்குத் திரும்பியபோது காலையில் ஒரு உருண்டை, சாயங்காலம் ஒரு உருண்டை என்று பழகியிருந்தார். சர்க்கார் லைசென்ஸ் கடையிலேயே விற்றதால் அதை யாரும் பெரிய தப்பாக நினைக்கவில்லை.

எங்கள் தெருவில் இன்னொரு பட்டாளத்துக்காரர் சாராயம் குடித்துவிட்டு வந்து சட்டி பானையை உடைப்பார். அவர் மனைவி என்னைப் பார்த்து, "உனக்கு இன்னாடி கொறச்சல், உன் ஆளு சத்தமில்லாம குந்தினு இருக்காரு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பானை உடைந்தால் வேறு வாங்கலாம். ஆள் வீட்டில் இருந்தும் இல்லாமல் இருந்தால் என்ன செய்வது? சோற்றைப் போட்டால் சாப்பிடுவார். பேசினால் தலையாட்டுவார். சிரிக்க மட்டும் மாட்டார்.

தோல் பதனிடும் டேனரி வேலையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன. பட்டைத்தண்ணீர் பதம் வந்துவிட்டதா என்று விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். அவர் சரி என்றால்தான் தோலை இறக்குவார்கள். நானும் அங்கேதான் பட்டை நறுக்கப் போவேன்.

பெண் குழந்தை பிறந்தது. எட்டாவது மாதத்தில் அதற்குப் பல் முளைத்தது. ஒரு நாள் அவர் வீட்டில் இருந்ததால் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். பிள்ளை விடாமல் அழுதிருக்கிறது. அவர் உருண்டையில் விரலைத் தேய்த்து ஈறில் தடவியிருக்கிறார். அந்தக் காலத்தில் கூலிக்குப் போகிற தாய்மார்களிலும் சிலர் செய்ததுதான். நான் மத்தியானம் வந்து பார்த்தபோது பிள்ளை துணி மாதிரி துவண்டு கிடந்தது. தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை.

தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் வைத்தியம் பார்க்கும் ஹக்கீமிடம் ஓடினேன். என் வீட்டுக்காரரும் பின்னாலேயே ஓடிவந்தார். தூங்கவே விடாதீர்கள் என்று ஹக்கீம் சொன்னார். உள்ளங்காலைத் தேய்த்தோம், கிள்ளினோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்குப் பிறகு இந்த நாள் வரையில் அவள் அழுகையைக் கேட்டு நான் அலுத்துக்கொண்டதே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொல்லிவிட்டேன். அபின் இருக்கட்டும், அல்லது நாங்கள் இருக்கிறோம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடையாது. மாதனூரில் என் அம்மா வீட்டுக் கதவு திறந்துதான் இருக்கிறது.

அவர் டப்பாவை எடுத்து என் மடியில் வைத்தார்.

"இது என் கையில வாணாம். அங்க கொய்னா பரேட் வைப்பாங்க. அது மாதிரி நீ குடு, உன் எதிர்லயே துன்னுடறேன்" என்றார்.

முகாமில் மலேரியாவுக்காக எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, கம்பவுண்டர் கையாலேயே கொய்னா மாத்திரை கொடுப்பார்களாம். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து நாக்கைக் காட்ட வேண்டுமாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டிலும் காலை மாலை பரேட் நடந்தது. அவர் விறைப்பாக நிற்பார். நான் உருண்டையைக் கொடுப்பேன். கொஞ்ச நேரம் வாயில் அடக்கிக் கரைத்துவிட்டு நாக்கைக் காட்டி சல்யூட் அடிப்பார்.

ஒரேயடியாக நிறுத்தினால் பழைய பேதி திரும்பி ஆளையே கொண்டுபோய்விடும், துளித்துளியாகக் குறை என்று ஹக்கீம் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். உருண்டை சிறுத்தால் கண்டுபிடித்துவிடுவாரே என்று எனக்குக் கவலை. அதனால் டேனரியில் சிந்திக்கிடக்கும் பட்டைத்தூளைக் கேட்டு வாங்கி வந்து, இரும்புச் சட்டியில் சுண்டக் காய்ச்சினேன். கன்னங்கரேலென்று பிசினாக வந்தது. அபினைக் கொஞ்சம் குறைத்து, குறைந்த இடத்தில் இதைப் பிசைந்து உருட்டினேன். அவர் இல்லாத நேரத்தில்தான் காய்ச்சுவது. சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஒளித்து வைப்பேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வாரத்துக்கு வாரம் அபின் குறைந்தது, பட்டை கூடியது. நடுவில் சில நாட்கள் அவர் நல்ல வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கினார். மூக்கு ஒழுகியது, கால் குடைச்சல் என்று சுருண்டு படுத்தார். கேட்டால் வெறும் சளி என்றார். நானும் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன். பயத்தில் இரண்டு முறை அபினைக் கொஞ்சம் கூட்டிக்கூட வைத்தேன். ஏழாவது மாதத்தில் உருண்டை முழுக்கப் பட்டையாகிவிட்டது. ஆனாலும் பரேடை நிறுத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்து டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். நடக்கப் பழகியிருந்த பிள்ளை தத்தித்தத்தி வந்து ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே இருப்பது பட்டை என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்காக நான் பயப்படவில்லை. அவர் பதறிவிடுவாரே, நான் அலறாவிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்றுதான் பயந்தேன். அலற வாயைத் திறந்தேன். அதற்குள் பிள்ளை துவர்ப்புத் தாங்காமல் முகத்தைக் கோணிக்கொண்டு துப்பியது.

அவர் சிரித்தார். பஸ்ராவிலிருந்து வந்த பிறகு அந்தச் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

"பட்டைதானே, ஒண்ணும் ஆவாது. தண்ணி குடு" என்றார்.

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் நாளிலிருந்தே என்றார். தினமும் பட்டைத்தண்ணீரை நாக்கில் வைத்துப் பதம் சொல்கிற ஆளுக்கு அதே பட்டையை ஒளித்துக் கொடுத்திருக்கிறேன். என்னைவிட மக்கு இந்த ஆம்பூரில் உண்டா?

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னிக்கே சண்ட போட்டு அபினக் கேட்டிருப்பேன். கேட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் மாதனூருக்குப் போய்ட்டிருப்பீங்க. அதான் வாய மூடினு முழுங்கினேன்."

நடுங்கிய நாட்களில் வெறும் சளி என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஏழு மாதமாக மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதில் சிரிப்பும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததில் பிள்ளைதான் மிரண்டுபோனது.

அன்று சாயங்காலமும் அவர் வழக்கம்போல வந்து விறைப்பாக நின்றார். நான் வெறும் கையை விரித்துக் காட்டினேன். அவர் வாயைத் திறந்து நாக்கைக் காட்டினார். சல்யூட் அடித்துவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் இறைக்கப் போனார்.