கண்ணாடியில் மறைந்த கை

செஞ்சி கூட்டுரோட்டு கார் ஸ்டாண்டில் எழிலனைத் தெரியாதவர்கள் கிடையாது. அவன் வெள்ளைக் காரின் முன்னும் பின்னும் காதுப் படம் போட்ட ஸ்டிக்கர் இருக்கும். பின்னால் வருகிறவர்கள் ஆரன் அடித்து அடித்து ஓய்ந்த பிறகுதான் அதைக் கவனிப்பார்கள். கவனித்ததும் அவர்கள் முகம் மாறுவதை எழிலன் உள்கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறான். முதலில் கோபம், அப்புறம் 'ஐயோ பாவம்'. கோபத்தையாவது பொறுத்துக்கொள்வான். அந்த ஐயோ பாவம் மட்டும் அவனுக்கு ஆகவே ஆகாது.

பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. விழுப்புரத்தில் விடுதியோடு இருந்த பள்ளியில் பத்தாவது வரை படித்தான். உதடு அசைவதைப் பார்த்தே என்ன பேசுகிறார்கள் என்று பிடித்துவிடுவான். மீசை அடர்ந்த ஆட்களிடம்தான் கொஞ்சம் திணறுவான். கார் ஓட்ட ஆசைப்பட்டபோது வீட்டில் சிரித்தார்கள், வெளியில் இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். லைசென்ஸ் வாங்க அவன் நடந்த நடையைச் சொன்னால் தனிக் கதையாகும். ஆரன் கேட்காதவனுக்கு லைசென்ஸா என்று கேட்ட ஒவ்வொருவரிடமும், காது கேட்காதவர்களும் ஓட்டலாம் என்ற உத்தரவை நீட்டினான். கடைசியில் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டினான். குறை சொல்ல இடம் கிடைக்காமல்தான் கொடுத்தார்கள், ஆசைப்பட்டுக் கொடுக்கவில்லை.

மங்கை அவன் வாழ்க்கைக்குள் வந்தது அதற்குப் பிறகு. காந்தி பஜார் பக்கம் ஒரு கடையில் ஜாக்கெட் தைக்கிறவள். அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். கல்யாணமான புதிதில், வாயில்லாதவனோடு இந்தப் பெண் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று சொந்தக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். அவளோ அவனிடமே கைப்பேச்சைக் கற்றுக்கொண்டு அவனையே மிஞ்சிவிட்டாள். கோபம் வந்தால் அவளுடைய பத்து விரலும் சேர்ந்து சண்டை போடும். சமாதானம் ஆகிவிட்டால் வலது கையின் இரண்டு விரல் மட்டும் அவன் மார்பில் மெல்லத் தட்டும். அந்தக் கைகள் பேசுவதைப் பார்க்க எழிலனுக்கு அலுத்ததே இல்லை.

ஆரம்பத்தில் அவனுக்கு உள்ளூர் சவாரிதான். பனமலைக் கோயில், தளவானூர் குகை, தொண்டூர் என்று தெரிந்த வழியிலேயே போய் வந்துகொண்டிருந்தான். தெரியாத ஊருக்குப் போனால் வழி கேட்க வேண்டும். கேட்க அவனுக்கு வாய் இல்லை. விலாசத்தை எழுதி நீட்டினால், அவன் செவிடன் என்று புரிந்துகொண்ட மனிதர்கள் அவன் மூஞ்சிக்கு நேராகக் கத்துவார்கள். கத்தினால் கேட்டுவிடுமா? உதடு கோணி, இருந்த புரிதலும் போய்விடும். ஒரு முறை காஞ்சிபுரத்தில் ஒரே தெருவை மூன்று தடவை சுற்றியதில், பின்சீட்டில் இருந்தவர்கள் இறங்கி ஆட்டோவில் போய்விட்டார்கள். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை.

போனில் மேப் வந்தபோது அவனுக்கு வாய் முளைத்த மாதிரி இருந்தது. மற்ற டிரைவர்கள் போனைக் கீழே எங்காவது போட்டுவிட்டு, அது சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டு போவார்கள். எழிலனுக்குக் குரலால் என்ன பயன்? அவன் பார்த்துத்தான் ஆக வேண்டும். முதலில் டாஷ்போர்டில் தாழ்வாக வைத்துப் பார்த்தான். குனிந்து நிமிர்வதற்குள் திண்டிவனம் ரோட்டில் முன்னால் போன பஸ் பிரேக் போட்டுவிட்டது. மயிரிழையில் தப்பினான். அன்று சாயங்காலமே ஒரு ஹோல்டர் வாங்கி, முன்கண்ணாடியில், ஸ்டியரிங்குக்குச் சற்று இடப்பக்கமாக, கண் மட்டத்துக்கு நேராக ஒட்டினான். இனி குனிய வேண்டாம்.

"இன்னாடா எழிலு, பெரிய திரை கட்டிகினு படம் பாக்கறியா? எதிர்ல வர்றது தெரியுமா உனக்கு?" என்று ஸ்டாண்டில் ராஜாராம் கேட்டார். பழைய டிரைவர், வெற்றிலை வாய். எழிலன் சிரித்துக்கொண்டே, எல்லாம் தெரியும் என்று கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

அதன் பிறகு அவன் போகாத ஊர் இல்லை. சென்னை விமான நிலையம், பெங்களூர், சிரவணபெளகொளா. தொண்டூர் நெல் வியாபாரி ஸ்ரீபால் வெளியூர்ப் பயணம் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார். சமணக் குடும்பம். பொழுது சாய்ந்துவிட்டால் வாயில் ஒரு பருக்கை வைக்கமாட்டார்கள். எந்த ஊருக்குப் போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே கொண்டுபோய்ச் சேர்க்கிற டிரைவர் வேண்டும் அவர்களுக்கு. "எழிலன் வந்தா எங்க வீட்டுப் பொம்பளைங்க பசியோட படுக்கமாட்டாங்க" என்று ஸ்ரீபால் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறார். அதை அவர் உதட்டில் பார்த்த அன்று எழிலனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் புகழ் வந்து வெளியூர் வண்டிகள் குவியத் தொடங்கியதும் ரோட்டில் சோதனையும் கூடியது. புதிதாக வந்த சப்-இன்ஸ்பெக்டர் பாரதி ஒரு நாள் அவன் காரை ஓரங்கட்டச் சொன்னார். கண்ணாடியில் இருந்த போனைத்தான் முதலில் பார்த்தார். வழி பார்க்கப் போன் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது. ஓட்டுகிறவன் கவனம் சிதறக் கூடாது, பார்வை மறையக் கூடாது என்றும் சொல்கிறது. இதை எழிலன் படித்தே வைத்திருந்தான். ஆனால் எந்த இடத்தில் வைத்தால் மறைக்கும், எங்கே மறைக்காது என்பது நிறுத்துகிற போலீஸைப் பொறுத்து மாறும். பாரதி கண்டிப்பானவர். அந்த முறை எச்சரித்து அனுப்பினார். அடுத்த முறையும் போன் அதே இடத்தில் இருந்ததும் காரோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிவிட்டார்.

மங்கை தைத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"காதும் கேக்காது, கண்ணாடியையும் மறைச்சு வச்சிகினு ஓட்டறாரு. லைசென்ஸ கேன்சல் பண்ணச் சொல்லி எழுதட்டுமா?" என்றார் பாரதி.

"மேடம், எழுதிடாதீங்க மேடம். மத்தவங்களுக்கு அது வாயால வழி சொல்லுது. இவருக்குக் கண்ணால பாத்தாதான் உண்டு. கீழ வச்சா குனியணும், குனிஞ்சா ரோடு தெரியாது. மேல வச்சா நீங்க புடிக்கிறீங்க. அப்ப இவரு எங்கதான் வைப்பாரு, சொல்லுங்க?"

பாரதி எழிலனை ஏற இறங்கப் பார்த்தார். அவர் முகத்தில் அந்த ஐயோ பாவம் வந்ததை எழிலன் பார்த்தான். அவனுக்குப் பிடிக்காத முகம்தான். ஆனால் லைசென்ஸ் பிழைத்தது.

"சரிம்மா. இவருக்கு மட்டும் விட்டுடறேன். என் லிமிட்ல யாரும் கேக்கமாட்டாங்க. பாத்து ஓட்டச் சொல்லு."

வெளியே வந்ததும் எழிலன் ஸ்டாண்டில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். ராஜாராமைக் கூப்பிட்டுக் கண்ணாடியில் இருந்த போனைக் காட்டி நெஞ்சை நிமிர்த்தினான். நியாயம் ஜெயித்துவிட்டது என்று அவன் மனதார நம்பினான். அதில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்பியிருப்பார்கள்.

அவர்கள் வீடு இருப்பது திருவண்ணாமலை ரோட்டில் வந்து முட்டுகிற ஒரு குறுகிய சந்தில். சந்தின் வலப்பக்கம் உயரமான மதில். காரின் மூக்கு ரோட்டுக்கு வந்த பிறகுதான் வலப்பக்கத்து வண்டி தெரியும். காது கேட்கிறவன் ஆரனை வைத்துச் சமாளித்துக்கொள்வான். எழிலனுக்காக மங்கை தினமும் முன்னால் போய் இடது முனையில் ரோட்டோரம் நிற்பாள். வண்டி வந்தால் வலது கையை உயர்த்துவாள். வழி காலியானால் கையை இறக்கிவிடுவாள். கை தெரிந்தால் நில், தெரியாவிட்டால் வா. கல்யாணமான நாளிலிருந்து அவர்களுக்குள் இருந்த ஏற்பாடு இதுதான், ஒரு நாளும் பிசகியதில்லை.

ஸ்ரீபால் வீட்டுக் கல்யாணத்துக்குப் பெங்களூர் கிளம்ப வேண்டிய காலை அது. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர வேண்டும். எப்போதும் ரோட்டுக்கு வந்த பிறகுதான் எழிலன் போனை ஹோல்டரில் மாட்டுவான். அன்று அவசரத்தில் முன்னாலேயே மாட்டி, மேப்பைப் போட்டுவிட்டுக் காரைச் சந்துக்குள் மெல்ல நகர்த்தினான். மங்கை முனையில் நின்றாள். ஹோல்டருக்குக் கீழே அவள் சேலையின் பச்சை தெரிந்தது. கை தெரியவில்லை. கை தெரியாவிட்டால் வா. ஆக்சிலேட்டரை மிதித்தான்.

கை உயர்ந்துதான் இருந்தது. அவனுக்கும் அந்தக் கைக்கும் நடுவில் போன் இருந்தது.

வலப்பக்கமிருந்து பஸ் வந்துகொண்டிருந்தது. மங்கை அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது, அவனைத் தவிர. கத்தி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கு அடுத்த கணமே உறைத்திருக்க வேண்டும். காரின் முன்னால் பாய்ந்து பானெட்டில் ஓங்கி அறைந்தாள். எழிலன் பிரேக்கில் ஏறி நின்றான். பஸ் ஒதுங்கிப் போய்விட்டது. ஆனால் கார் நிற்பதற்குள் பம்பர் அவளைத் தள்ளியிருந்தது. வலது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு இரண்டாக முறிந்தது.

அரசு மருத்துவமனைக்கு அதே காரில்தான் கொண்டுபோனான். பின்சீட்டில் அவள் ஏதாவது சொல்கிறாளா என்று உள்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே போனான். பேசுகிற கை மடியில் கிடந்தது.

முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு வெளியே அனுப்பினார்கள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் அவள் ஏதோ சொல்ல முயன்றாள். ஒற்றைக் கையில் பாதிச் சொற்கள் விழுந்துபோயின. அவன் அந்தக் கட்டைப் பார்த்தான். சத்தமே வராத மனிதன் தேம்பித் தேம்பி அழுதான்.

விபத்து என்று ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியதால் பாரதியே வந்துவிட்டார்.

"எப்படிம்மா ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன் மேடம். சந்துல ஒரே ஈரம்" என்றாள் மங்கை.

எழிலன் அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து வந்து பாரதியின் எதிரில் நின்றான். தன் மார்பைத் தொட்டான். ஸ்டியரிங் பிடித்துக் காட்டினான். கண்களுக்கு முன்னால் உள்ளங்கையை மறைத்துக் காட்டினான். மங்கையின் கட்டைக் காட்டினான்.

"இன்னாம்மா சொல்றாரு?"

மங்கை அவனைப் பார்க்கவில்லை. "என் கையப் பாத்துட்டு அழுவுறாரு மேடம். நான் விழுந்தத அவரு பாக்கலியாம், அதச் சொல்றாரு."

இத்தனை வருஷமும் அவன் சொன்னதை ஊருக்குச் சொன்னவள் அவள். அவன் சொன்னதை மாற்றிச் சொன்னது அன்றுதான். யாருக்காக மாற்றுகிறாள் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. லைசென்ஸ் போனால் அவனுக்கு என்ன மிஞ்சும் என்று அவளுக்குத்தான் முழுதாகத் தெரியும். அந்த ஒரு நிமிஷம் அவனும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தான். நினைக்காமல் இருக்க அவன் மகான் ஒன்றும் இல்லையே.

பிறகு பாரதியைப் பார்த்து, வாருங்கள் என்று கைகாட்டி வாசலுக்கு நடந்தான். காரின் டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து உட்காரச் சொன்னான். பாரதி ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தார். எழிலன் காருக்கு முன்னால் போய், இடது முனையில், மங்கை நின்ற தூரத்தில் நின்றான். வலது கையை உயர்த்தினான்.

பாரதி கண்ணாடி வழியாகப் பார்த்தார். போன் தெரிந்தது. அதற்குக் கீழே அவன் சட்டை தெரிந்தது. தலையைச் சாய்க்காமல் திரும்பவும் பார்த்தார்.

"மங்கை, அவரு இன்னா பண்றாரு?"

கட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்ற மங்கையால் இனி மாற்றிச் சொல்ல முடியவில்லை. "கையத் தூக்கிகினு நிக்கிறாரு மேடம். நானும் அப்படித்தான் நின்னேன்."

பாரதி கதவைத் திறந்தார். இறங்கியபோது அவர் முகத்தில் ஐயோ பாவம் இல்லை. "விட்டது நான்தானே" என்றார். எழிலன் அதை அவர் உதட்டில் படித்தான். இல்லை என்று தலையசைத்தான். அவன் கைகள் நிதானமாகப் பேசின. பாரதி மங்கையின் பக்கம் திரும்பினார்.

"உள்ளத சொல்லும்மா."

மங்கை இந்த முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"மத்தவங்களுக்குக் கண்ணு போனாலும் காது இருக்குது. எனக்குக் காதும் இந்தக் கண்ணாடிதான். அத நானே மறைச்சிட்டேன். அவ கத்தினது எனக்குக் கேக்கறதுக்கு இருந்த ஒரே வழி அந்தக் கை. எழுத வேண்டியத எழுதிக்கோங்க. அப்படிச் சொல்றாரு மேடம்."

எழிலன் சட்டைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து பாரதியிடம் நீட்டினான். மங்கை அவனைத் தடுக்கவில்லை.