செம்பனை மட்டைக்குக் கீழே ஒரு மழைமானி

கடலின் சூட்டைப் படிக்கிறவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்டார்கள். பசிபிக்கும் இந்தியப் பெருங்கடலும் சில ஆண்டுகள் சூடேறும், சில ஆண்டுகள் தணியும். அதற்கேற்ப நம் மழை கூடும், குறையும். இதைப் புரிந்துகொள்ளப் பல பத்தாண்டுகளின் மழை அளவு வேண்டும். அது தோட்டங்களில் கிடைக்கும். தோட்டத் துரைமார் மழைமேல் உள்ள அக்கறையில் அளக்கவில்லை. மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குக் கூலி கிடையாது. அதற்காக அளந்தார்கள்.

கோலா பிலா பக்கத்துத் தோட்டம் ஒன்று மட்டும் உறுத்தியது. சுற்றிலும் மழை கூடிய ஆண்டுகளிலும் அங்கே குறைந்துகொண்டே வந்தது. போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

கோலாலம்பூரிலிருந்து சிரம்பானுக்கு ரயிலில் ஒன்றரை மணி நேரம், டிக்கெட் பத்து வெள்ளிக்குள். அங்கிருந்து கோலா பிலா ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குப் பஸ் இல்லை. வாடகைக் காருக்கு இருபத்தைந்து வெள்ளி கொடுத்தேன். மழைமானியைப் பார்க்கப் போகிறேன் என்றதும் ஓட்டுநர் சிரித்தார்.

"மழைய பாக்க எஸ்டேட்டுக்கு ஏன் லா போற? சன்னல எறக்கு, இங்கயே பெய்யுது."

தோட்டத்து மேற்பார்வையாளர், மண்டோர் முனியாண்டி அண்ணன், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்து வாசலில் காத்திருந்தார். காலைப் பெரட்டில் ஆள் எண்ணி முடித்ததும், மழைமானியைப் பார்த்து ஆபீசில் சொல்வது அவர் பொறுப்பு. அவர் மனைவி சரசு அக்கா கோப்பி கொடுத்துவிட்டுச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் சேற்றுக் கோடு. மழை வலுத்தால் இவர்கள் வீடு உட்படப் பள்ளத்திலுள்ள ஆறு வீடுகளுக்குள்ளும் தண்ணீர் வருகிறது. வடிகாலை அகலப்படுத்தக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்களாம். அந்த அளவுக்கு மழையே பெய்யவில்லை, நீங்கள்தான் குப்பை போட்டு அடைத்திருப்பீர்கள் என்பது நிர்வாகத்தின் பதில். சுவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை.

பிறகு அண்ணன் பெருமையாக மழைமானியைக் காட்டினார். துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதன் தலைக்குமேல் எண்ணெய்ப்பனையான செம்பனையின் மட்டைகள் குடைபோல் விரிந்திருந்தன. மழையில் பெரும்பங்கு மட்டையில் பட்டு வேறெங்கோ வழிந்துவிடும்.

யார் இங்கே வைத்தது என்று கேட்டேன்.

"நான்தான் தம்பி. வெட்டவெளியில மாடு முட்டித் தள்ளிக்கிட்டே இருந்துச்சு. அப்ப இந்த மரம் இடுப்பு ஒசரம்கூட இல்ல."

மரம் வளர வளர மழைமானியில் மழை குறைந்திருக்கிறது. நான் சொன்னதும் அவர் மழைமானியின் வாயை எட்டிப் பார்த்தார், பிறகு மட்டைகளை. பின்னாலேயே வந்திருந்த அக்கா சொன்னார்.

"ஆக, என் வீட்டுல தண்ணியே வரலனு தெனம் ஆபீசுல போயி சொன்னது எம் புருசன்தானா? நல்ல குடும்பம் லா."

முனியாண்டி அண்ணன் செய்தது பிழை. ஈரச் சுவர் கூப்பிடு தூரத்தில் இருக்க, மழை அளவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் செய்ததற்கு அந்தப் பெயர் போதாது. நானும் குளிர்சாதன அறையில் அதே அளவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மழைமானியை வெட்டவெளிக்கு மாற்றி முள்கம்பி கட்டினோம். பழைய அளவுகளை நம்ப முடியாது என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வடிகால் வருமா, தெரியாது.

"கடலு இந்த வருசம் என்னா சொல்லுது தம்பி?" என்றார் அக்கா.

பசிபிக் குளிர்ந்து கிடக்கிறது, மழை கூடலாம், உறுதியில்லை என்றேன். அவர் உள்ளே போய், தண்ணீர் வருமுன் உயர்த்தி வைக்க, ஐஸ்பெட்டியை, அதாவது ஃபிரிட்ஜை, காலிசெய்யத் தொடங்கினார்.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் மழை. திரும்பும் காரை முன்பே பேசிவையுங்கள். முழங்கால் பூட்ஸ் அவசியம். நான் நான்கு மணிக்குக் கிளம்புவதாக இருந்தேன், இருட்டிவிட்டது. ஆறு வீட்டு ஐஸ்பெட்டிகளையும் செங்கல்மேல் ஏற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நான் போதும் என்ற பிறகும், அண்ணன் இன்னொரு வரிசைக் கல் வைத்தார்.