பதினோரு நாள் கழித்து ரத்தான டிக்கெட்

அந்த டிக்கெட்டை வாங்கும்போது அதன் விலை தவறு என்று எனக்குத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஷயத்தைக் கேள்விப்பட்ட எல்லோரும் என்னிடம் முதலில் கேட்டது இதைத்தான்.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போக, வர நாலாயிரத்து முந்நூறு ரூபாய். எனக்கு அது நியாயமான விலையாகத்தான் பட்டது. அதற்கு முன் நான் விமான டிக்கெட் வாங்கியதில்லை. எங்கள் வீட்டில் யாருமே வாங்கியதில்லை. அக்கா கல்யாணமாகிப் போனபோதுகூட டிக்கெட்டை மாமாவின் வீட்டார்தான் எடுத்தார்கள். என்னிடம் இருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: தீபாவளி நேரத்தில் ஆம்னி பஸ்ஸில் சென்னை போய்வர ஆகும் செலவு. இதுவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடல் தாண்டுகிறதே, இன்னும் கொஞ்சம் கூட இருக்கலாமே என்று தோன்றியது உண்மை. ஆடித் தள்ளுபடி மாதிரி இவர்களும் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்று சமாதானம் செய்துகொண்டு, துவாக்குடியில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் போனிலேயே போட்டுவிட்டேன்.

டிக்கெட் அம்மாவுக்கு. கோலாலம்பூரில் அக்காவுக்குத் தலைப்பிரசவம். எங்கள் வழக்கப்படி அவள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். ரத்த அழுத்தம் இருக்கிறது, விமானம் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு ஷிப்ட் வேலை. "வேற ஒண்ணும் கொண்டு வர வேணாம்டா, அம்மாவை மட்டும் அனுப்பு" என்று அக்கா போனில் அழுதாள். மகளால் தாய்வீட்டுக்கு வர முடியாதென்றால் தாய்வீடுதான் கிளம்பிப் போக வேண்டும்.

அம்மாவிடம் விலையைச் சொன்னபோது அவள் சந்தோஷப்படவில்லை.

"நல்லா பாருடா. நின்னுகிட்டே போற டிக்கெட்டா இருக்கப்போவுது."

"ஃப்ளைட்ல நிக்கல்லாம் விடமாட்டாங்கம்மா."

"சோறு போடுவாங்களா?"

"அதுக்குத் தனியா காசு."

"அதானே பாத்தேன்" என்றாள். விலையின் ரகசியம் பிடிபட்டுவிட்ட நிம்மதி அவளுக்கு. "நான் புளிசாதம் கட்டிக்கிறேன்."

அம்மா கல்யாண மண்டபங்களில் காய் நறுக்குகிறவள். ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் பக்கம் முகூர்த்த நாட்களில் ஒரு சமையல் மாஸ்டருக்குக் கீழே எட்டுப் பெண்கள் போவார்கள். அந்த எட்டில் ஒரு இடம் கிடைக்க அவள் நாலு வருஷம் காத்திருந்தாள். டிக்கெட் வந்த மறுநாளே மாஸ்டரிடம் போய், ஆவணி முழுக்க வர மாட்டேன் என்று சொல்லி, தன் இடத்துக்கு வேறொரு பெண்ணைச் சேர்த்துவிட்டு வந்தாள்.

இனி, நான் அவளிடம் சொல்லாமல் விட்டது. டிக்கெட் போட்ட இரண்டு மணி நேரத்தில், கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் நண்பனிடம் பெருமையாகக் காட்டினேன். அவன் வருஷம் ஒருமுறை துபாய்க்கு அண்ணனைப் பார்க்கப் போய்வருகிறவன். போனைப் பிடுங்கிப் பார்த்தான்.

"மாப்ள, இது மிஸ்டேக் ரேட்டுடா. எவனோ நம்பர தப்பா தட்டிட்டான். இருபதாயிரத்துக்குக் கம்மியா கெடைக்கவே கெடைக்காது. வாய மூடிக்கிட்டு இரு."

அவன் அங்கேயே நின்று தனக்கும் கூட்டாளிகளுக்குமாக நாலு டிக்கெட் போட்டான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

பன்னிரண்டாவது நாள் காலையில் மெயில் வந்தது. கட்டணத்தில் 'எந்தப் பயணிக்கும் வெளிப்படையாகத் தெரியக்கூடிய பிழை' நேர்ந்துவிட்டதால் பயணம் ரத்து செய்யப்படுகிறது. கீழே உள்ள பொத்தானை அழுத்தினால் பணம் திரும்ப வரும். அக்காவின் பிரசவத்துக்கு டாக்டர் குறித்த நாளுக்கு ஐந்து வாரம்கூட இல்லை. அன்றைய விலை இருபத்திரண்டாயிரம். நான் பொத்தானை அழுத்தவில்லை.

"விட்டுருடா" என்றாள் அம்மா. "அவங்க பொருளு, குடுக்க மாட்டேங்கறாங்க. ஓசிக்கு அலையறாங்கன்னு பேசுவாங்க."

அந்தச் சொல் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன புதிதில், சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு கண்டக்டர், "ஓசி டிக்கெட்டெல்லாம் உள்ள தள்ளி நில்லுங்க" என்று கத்தியிருக்கிறார். அம்மா உள்ளே தள்ளி நின்றுகொண்டாள். ஆனால் அன்றிலிருந்து அந்தக் காசில்லாத டிக்கெட்டை நாலாக மடித்து, இறங்கி வீடு வரும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருப்பாள். யாரும் கேட்கப் போவதில்லை. கேட்டால் காட்ட வேண்டுமே என்றுதான்.

எங்கள் தெருவில் வங்கிப் படிவம், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் நான்தான் ஆள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தெருவிலும் அப்படித்தான் பேர். ஊருக்கெல்லாம் மனு எழுதுகிறவன் பெற்ற தாய்க்கு எழுதாமல் விடுவதா? கேள்விகளையும் பதில்களையும் இங்கிலீஷில் ஒரு பக்கத்துக்கு எழுதி எடுத்துக்கொண்டு, கண்டோன்மெண்டில் இருந்த அந்த விமானக் கம்பெனியின் அலுவலகத்துக்குக் கிளம்பினேன். நீயும் வா என்றேன். டிக்கெட்டில் இருப்பது அவள் பேர்.

ஒன்றாம் நம்பர் பஸ். கண்டக்டர் எனக்கு ஒரு டிக்கெட், அம்மாவுக்கு ஒரு டிக்கெட் கிழித்தார். காவிரிப் பாலத்தில் பஸ் நின்றபோது வாதத்தை அவளிடம் ஒருமுறை ஒத்திகை பார்த்தேன்.

"இதுக்கு நீ காசு குடுக்கல. பாதி வழில 'செல்லாது, எறங்கு'ன்னா எறங்குவியா?"

"நான் ஏன் எறங்கணும்? அவருதானே கிழிச்சுக் குடுத்தாரு."

"அதேதாம்மா இதுவும்."

"எது? இது கவர்மெண்டு தெரிஞ்சு குடுக்குறது. அது தெரியாம குடுத்தது. படிச்சவன் மாதிரி பேசு."

எனக்குப் பின்னால் நின்றவர் சிரித்தார். அந்த வாதத்தை என் தாளிலிருந்து அடித்துவிட்டேன்.

அலுவலகத்தில் இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். உட்காரச் சொன்னார். முழுக்கக் கேட்டார். பிறகு மெயிலில் இருந்ததையே கேட்டார்.

"சார், இந்த ரேட்டப் பார்த்தாலே தப்புன்னு தெரியுமே?"

இதற்கு நான் தயாராக இருந்தேன். "அடிக்கடி பறக்கிறவங்களுக்குத் தெரியும் மேடம். எங்க வீட்ல இதான் முதல் டிக்கெட். காய்கறி வெல கேளுங்க, மண்டபத்து வாடகை கேளுங்க, அம்மா தூக்கத்துலயும் சொல்வாங்க. ஃப்ளைட் டிக்கெட் எவ்வளவு இருக்கணும்னு எங்களுக்கு யார் சொன்னா? 'எந்தப் பயணிக்கும் தெரியும்'னு போட்டிருக்கீங்களே, அந்தப் பயணி யாரு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

"சரிங்க சார். அப்புறமாவது தெரிஞ்சுதா?"

இந்தக் கேள்வி என் தாளில் இல்லை. "தெரியாது" என்றால் முடிந்தது. அவரால் எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் எந்தப் பயணிக்கும் தெரியும் என்று அவர்கள் எழுதியது பொய் என்று சொல்லத்தான் நான் வந்திருந்தேன். அதற்கு நானும் ஒரு பொய்யை வைப்பதா?

"தெரிஞ்சுது. ரெண்டு மணி நேரம் கழிச்சு. ஃப்ரெண்டு சொன்னான்."

அம்மா நாற்காலியோடு என் பக்கம் திரும்பினாள்.

"என்னது? ஒனக்குத் தெரியுமா?"

"அம்மா..."

"தெரிஞ்சுகிட்டா என்னைய மாஸ்டர்கிட்ட போயி நிக்க வுட்ட? அந்தப் பொண்ண சேத்துவிட்டுட்டு வந்தேன்னு சொன்னப்பக்கூட வாயத் தொறக்கல?" மடியில் இருந்த பையாலேயே என் தோளில் ஒன்று வைத்தாள். அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டார்.

பையை மறுபடி மடியில் வைத்துச் சரிசெய்துகொண்டு அம்மா அவரிடம் திரும்பினாள்.

"ஏம்மா, இவன் பண்ணது தப்புதான். இவன வீட்டுல நான் பாத்துக்கறேன். ஒங்களுக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"அன்னைக்கு சாயந்திரமே தெரிஞ்சுதும்மா. உடனே வெப்சைட்ல ரேட்ட மாத்திட்டாங்க."

"அப்ப எங்களுக்கு ஏன் இத்தனை நாள் சொல்லல?"

"அது... மேல முடிவெடுக்கணும்ல."

"இவன் ஒருத்தன் வாய மூடிக்கிட்டு இருந்தான். ஒங்க ஆபீஸே பதினோரு நாளு வாய மூடிக்கிட்டு இருந்துச்சே. அன்னைக்கே ஒரு போனப் போட்டு, 'தப்பாயிருச்சும்மா, கொஞ்சம் சேத்துக் குடுக்குறியா, இல்ல விட்டுர்றியா'ன்னு கேட்டிருந்தா, நான் என்ன சண்டைக்கா வந்திருப்பேன்? எடத்தையும் விட்டிருக்க மாட்டேன். இப்ப காசத் திருப்பிக் குடுத்தா அந்த எடம் திரும்பி வருமா?"

அந்தப் பெண் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தினார். "அம்மா சொன்னத அப்படியே எழுதிக் குடுங்க சார். நான் இன்னைக்கே மேல அனுப்புறேன்."

என் இங்கிலீஷ் பக்கத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டுத் தமிழில் எழுதினேன். அம்மாவின் இடம் போனதை எழுதினேன். அவர்களுடைய பதினோரு நாளை எழுதினேன். அதற்கு மேலே, முதல் பத்தியிலேயே, என்னுடைய இரண்டு மணி நேரத்தையும் எழுதினேன். அம்மா கீழே கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் நண்பனிடம் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான். "கிறுக்கா ஒனக்கு? அந்த ரெண்டு மணி நேரத்த எதுக்குடா எழுதுன? சரி, அந்த வரிய எடுத்துட்டு எனக்கொரு காப்பி குடு. 'எனக்கும் தெரியாது'ன்னு போட்டுக்கறேன்."

"நீ தெரிஞ்சுதானே போட்ட?"

"அதனால?"

எழுதித் தரவில்லை. அவன் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒரு மாதம் என்னை 'நீதிபதி ஐயா' என்று கூப்பிட்டான்.

இதுமாதிரி டிக்கெட் ரத்தானால் சண்டை போடலாமா என்று இப்போது என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்கிறேன்: போட வேண்டும். கை தவறுவது யாருக்கும் நடக்கும், கம்பெனிக்கும் நடக்கும். அன்றைக்கே வந்து சொன்னால் விட்டுக்கொடுப்பதுதான் மனுஷத்தனம். ஆனால் நாம் அதை நம்பி வேலையை விட்டு, மூட்டை கட்டிய பிறகு, ஒரு பொத்தானைக் காட்டி அழுத்தச் சொல்வது வேறு. தன் தவறுக்கான விலையை நம் தலையில் இறக்குவது அது. தெரிந்தே நாலு டிக்கெட் அள்ளியவனுக்கு அந்தச் சண்டையில் இடமில்லை. நானும் ஓரத்தில்தான் நின்றேன். அதனால்தான் என் பங்கை முதலில் எழுதினேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. நல்லெண்ண அடிப்படையில் பயணியின் டிக்கெட் அதே தேதிக்கு மீண்டும் வழங்கப்படுகிறது. இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது. எனக்குச் சுருக்கென்றது. நல்லெண்ணமா? பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

"டிக்கெட்டக் குடுத்துட்டானா, இல்லையா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா.

"குடுத்துட்டாங்க."

"அப்ப அவன் என்ன பேரு வேணா வெச்சுக்கட்டும். எந்திரிச்சு வந்து பெட்டியக் கட்டு."

டிக்கெட்டில் இருந்த தேதியில் அம்மாவை விமான நிலைய வாசலில் விட்டேன். அதற்கு மேல் வழியனுப்ப வந்தவர்களை உள்ளே விட மாட்டார்கள். புளிசாதப் பொட்டலத்தோடு அவள் தனியாகப் போனாள். பதினாறாவது நாள் அக்காவுக்குப் பெண் பிறந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். ஆவணி முடிந்து திரும்பி வந்தவளுக்கு அந்த எட்டில் இடம் இன்னும் கிடைக்கவில்லை. கூட்டம் அதிகமான முகூர்த்தங்களுக்கு ஒன்பதாவது ஆளாகப் போகிறாள். அந்தப் பாக்கி என்னுடையது, நான் மறக்கவில்லை.

போய்ச் சேர்ந்த அன்று காலை அக்காவின் போனிலிருந்து பேசினாள்.

"போயிட்டேன்டா. ஜன்னல் சீட்டு குடுத்தாங்க. நான் முதல்லயே சொல்லிட்டேன், 'இது அந்தக் கம்மி வெல டிக்கெட்டு, எழுதிக் குடுத்து வாங்குனது'ன்னு. கவுண்டர்ல இருந்த பொண்ணுக்கு ஒண்ணும் புரியல, பெட்டிய வைங்கம்மான்னுச்சு."

"பக்கத்துல யாரு?"

"கம்பெனிக்காரரு ஒருத்தரு. எவ்வளவுக்கு எடுத்தாருன்னு கேட்டேன், இருபத்தி மூணாயிரமாம். அவருக்கும் இதே சீட்டுதான்டா. அவருக்கும் முட்டி இடிக்குது."

பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது. "அம்மா, கையில இருக்குற அந்த டிக்கெட்ட இப்பவாவது கீழ வைம்மா" என்று அவள் சொன்னதும் கேட்டது.

"இருடி" என்றாள் அம்மா. "எவனாவது கேட்டா காட்டணும்ல."