என் கணவரின் வீம்பை உடைத்த ஆண்டவருக்கு நன்றி

நம் அன்பிய ஜெபக்கூட்டத்துச் சகோதர சகோதரிகளே, நான் கோபக்காரி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தச் சாட்சியையும் கோபம் தீராமல்தான் சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொரோனா இரண்டாம் அலை அடித்த வைகாசியில் என் கணவர் ஆரோக்கியசாமி ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆண்டவர் பிழைக்க வைத்தார். ஆனால் வீட்டுக்கு வந்தவரால் கொல்லை வரை நடந்துபோய்த் திரும்ப முடியவில்லை. ஒரு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது. "பாதி உயிரைத்தான் திருப்பித் தந்தீரா?" என்று சிலுவைக்கு முன்னால் நின்று கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூக்கால் மெதுவாக இழுத்து, உதட்டைக் குவித்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். உருண்டைகள் போட்ட பிளாஸ்டிக் கருவி ஒன்றும் தந்தார்கள். அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினால் உருண்டை மேலே எழும்ப வேண்டும். இவருக்கு ஒன்றுகூட அசையவில்லை. அந்த அவமானத்தில் பயிற்சியைத் தட்டிக்கழித்தார்.

அந்த நேரம் பார்த்து ஜெபிக்க வந்தார் அடுத்த தெரு லூர்து அக்கா. "அண்ணே, ஆண்டவர் குணமாக்கிட்டாருன்னு நம்புறீங்கல்ல? அப்புறம் இந்த வெளையாட்டுச் சாமான் எதுக்கு?" என்றார். இவருக்குச் சாக்கு கிடைத்துவிட்டது. கருவி பீரோ மேலே போனது. அக்காவைக் காபிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன்.

கெஞ்சினேன், திட்டினேன். மனிதர் மசியவில்லை. படுத்தே கிடந்து நாளுக்கு நாள் ஒடுங்கினார். இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். கடைசியில் ஜெபமாலையும் கையுமாக ஆண்டவரிடம் சண்டைக்கே நின்றேன். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாரு. இந்த வீம்ப நீரே ஒடைச்சுப் போடும். இல்லேன்னா உம்மகிட்ட பேசவே மாட்டேன்."

ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. பக்கத்து வயல்காரர் எங்கள் மடையை அடைத்துத் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கேள்விப்பட்டதும் இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வயலுக்கு வந்தார். வரப்பில் நின்று கத்த வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது. அந்த ஆள் திரும்பிப் பார்த்து, "முடியலன்னா வீட்ல கெடங்கண்ணே, எதுக்கு அலையுறீங்க?" என்றார். நான்தான் மண்ணை வெட்டித் தள்ளி மடையைத் திறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இவர் முகம் சிவந்து, "எடுடி... அந்தச் சனியன" என்றார். பீரோ மேலிருந்த கருவியை எடுத்துக் கொடுத்தேன். ஆத்திரத்தில், உறிஞ்சுவதற்குப் பதிலாக ஊதினார்.

"இழுக்கணுங்க!" என்று அதட்டினேன்.

அன்றிலிருந்து விடவில்லை. தலை சுற்றினால் நிறுத்தி, ஓய்வெடுத்துவிட்டு மறுபடி செய்வார். முதல் உருண்டை எழும்பிய அன்று இருவரும் அழுதோம். என் ஜெபத்துக்கு ஆண்டவர் பதிலை இவருடைய கோபமாகவே அனுப்பியிருந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் நான் ஆட்டைக் கட்ட மறந்துவிட்டேன். வயலின் அந்தக் கோடியிலிருந்து ஒரே மூச்சில் வந்தது இவர் குரல். "அடியே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? ஆடு பயிரெல்லாம் மேயுதுடி!"

அப்படியே சேற்றில் முழங்காலிட்டு, "நன்றி ஆண்டவரே!" என்றேன்.

"நான் திட்டுறேன், நீ என்னடி ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கே?" என்றார். அதையும் மூச்சு வாங்காமல் கேட்டார்.

இன்று அவரே வயலைப் பார்த்துக்கொள்கிறார். உங்கள் வீட்டிலும் மூச்சுக்குத் தவிப்பவர்கள் இருந்தால் ஆண்டவரை நம்புங்கள். கோபமாக ஜெபித்தாலும் அவர் கேட்கிறார். ஆனால், விசுவாசம் இருக்கும்போது பயிற்சி எதற்கு என்று யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால், அவர்களை என்னிடம் அனுப்புங்கள். நான் பேசிக்கொள்கிறேன்.