படங்களுக்குக் கீழே

கதவு கழன்றுபோன அந்த வாயிலில் மச்சான் சைக்கிளை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து, காவலர் அறையின் ஜன்னல் திட்டில் வைத்தார். அறையில் காவலர் இல்லை. சாயத் தொழிற்சாலை மூடி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருந்தன. பற்றிக்கொள்ள உள்ளே எதுவுமே மிச்சமில்லையே என்றேன். “இருக்கட்டும் மாமா, கை பழகிப்போச்சு” என்றார். மதியம் வெளியே வந்ததும் மறக்காமல் அதை எடுத்துக்கொண்டு, சாலைக்கு வந்த பிறகுதான் பீடி பற்றவைத்தார். திட்டில் இருந்த தீப்பெட்டியை நான் படம் எடுத்தேன். வைத்தவரை எடுக்கவில்லை. அப்போது அது எனக்கு ஒரு தவறாகத் தோன்றவில்லை.

மச்சான் என் மனைவியின் தம்பி. கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் வீடு. இருபது வயதில் அந்தத் தொழிற்சாலைக்குள் போனவர், அது மூடும்வரை அங்கேயே இருந்தார். நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் வரலாறு நடத்தி, 2004இல் ஓய்வு பெற்றவன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் கேமரா வாங்கினேன். கோயில் கோபுரத்தையும் பிச்சாவரத்துப் படகுகளையும் எடுத்து அலுத்த பிறகு, மூடிக்கிடக்கும் ஒரு தொழிற்சாலையை முழுவதுமாகப் படங்களில் பதிந்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் வந்தது. முதலாளி தரப்பிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கித் தந்ததே மச்சான்தான். இரண்டு வருடம் ஞாயிறுதோறும் சிதம்பரத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்து குடிகாட்டில் இறங்குவேன். அவர் சைக்கிளோடு நின்றுகொண்டிருப்பார்.

முந்தைய நாள் மழை பெய்திருந்தால், தரை விரிசல்களிலிருந்து சிவப்புச் சாயம் கசிந்து ஓடும். “பாருங்க மாமா, கம்பெனி இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு” என்று சிரிப்பார். தங்கச்சி கட்டிக் கொடுத்த இட்லியை, கவிழ்த்துப்போட்ட பீப்பாய்மேல் பிரித்துவைத்துச் சாப்பிடுவோம். அவர் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் அழைப்பேன். மிளகாய்ப்பொடி ஜாஸ்தி என்று நான் சொல்லாத வாரமில்லை. அதற்காகவே மறுவாரம் இன்னும் கொஞ்சம் தூவி அனுப்புவாள்.

இரவும் பகலும் ஓடிய ஆலை அது. வேலைநேரம் முடிந்தாலும், அடுத்த ஆள் வந்து நிற்காமல் இடத்தை விட்டு நகரக்கூடாது. வந்தவர் சூட்டைப் பார்த்து, அழுத்தத்தைப் பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, ஷிப்ட் நோட்டில் கையெழுத்துப் போடுவார். அதற்குப் பிறகு அங்கே எது கெட்டுப்போனாலும் பொறுப்பு அவருடையது. “கையெழுத்து போட்டு வாங்கிட்டா அப்புறம் என் தப்புதான் மாமா. போனவன் மேல பழி சொல்லக் கூடாது. சொன்னா அவன ஒருத்தனும் மதிக்க மாட்டான்.”

நான் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மச்சான் ஒரு பெயர் சொல்வார். இந்த வால்வில் இன்னார், அவரை மாற்றிவிட வருபவர் இன்னார். சொல்வதோடு நிற்காமல் ஒரு நோட்டில் படத்தின் வரிசை எண் போட்டு எழுதியும் வைத்தார். “படத்துக்குக் கீழ பேரு போட்டுடுங்க மாமா. பாக்கறவன் வெறும் எடம்னு நெனச்சிடக் கூடாது, ஆளு நின்ன எடம்.” போடுகிறேன் என்றேன். அவர் அதைத் தன் பழைய ஆட்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். கண்காட்சிக்கு முன்பு நோட்டை என்னிடம் கொடுத்தார்.

2008இல் சிதம்பரம் கீழ வீதியில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தேன். அதற்கு முன்பு படங்களைப் பார்த்த புதுச்சேரி நண்பர் ஒருவர், ஆளே இல்லாத இந்த வெறுமைதான் பேசுகிறது, கீழே பெயர்களை வரிசையாகப் போட்டால் கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிடும் என்றார். அவர் கருத்தைச் சொன்னார், அவ்வளவுதான். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு கலைஞன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்தது. ‘வெறுமை’ என்று தலைப்பு வைத்து, படங்களுக்குக் கீழே வெறும் எண்களைப் போட்டேன். மச்சான் தொலைபேசியில், “பேரெல்லாம் போட்டாச்சா மாமா?” என்று கேட்டபோது, “எல்லாம் ஆயிக்கிட்டிருக்கு மச்சான்” என்றேன். அது பொய்.

இரண்டாம் நாள் காலை மச்சான் ஏழு பேரை அழைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள். எல்லோர் சட்டையும் இஸ்திரி போட்டிருந்தது. பாய்லர் பார்த்தவர் நெற்றியில் புதிதாக விபூதி பூசியிருந்தார். அவர்கள் படங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே குனிந்து பார்த்தார்கள். ஒன்றாம் எண்ணிலிருந்து கடைசி எண் வரை குனிந்து குனிந்து போனதை, வாசலருகே கையைக் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

கடைசியில் பாய்லர்க்காரர் நிமிர்ந்தார். “என்னாப்பா, மெனக்கெட்டு பஸ் ஏத்தி இட்டாந்த. என் பேரு எங்க?”

“உன் பேரு ரேஷன் கார்டுல இருக்கும், போய்ப் பாரு” என்றார் இன்னொருவர். மூன்றாமவர், “இதுக்குத்தான் ஷேவிங்லாம் பண்ணிகிட்டு வந்தியா?” என்றார். சிரித்தார்கள். சிரிப்பு சீக்கிரம் அடங்கியது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நான் வாய் திறப்பதற்குள் மச்சான் முன்னே வந்தார். “மாமா மேல ஒண்ணும் இல்லப்பா. நோட்டு என்கிட்டதான் இருந்துச்சி. குடுக்க மறந்துட்டேன். தப்பு என்னுது.”

“நீயா மறந்த?” என்றார் பாய்லர்க்காரர். “எங்கள எல்லாம் கூட்டியாந்து நிறுத்திட்டு, இப்ப மறந்துட்டேன்னு சொல்ற. உன்ன நம்பி வந்தோம் பாரு.” மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நோட்டு அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, “எல்லாரும் காபி சாப்பிட்டுட்டுப் போங்க” என்பதுதான்.

அதற்குப் பிறகும் மச்சான் பொங்கலுக்கு வந்தார், தீபாவளிக்கு வந்தார். முன்போலவே மாமா என்றுதான் அழைத்தார். நான் பேச்சை அந்தப் பக்கம் கொண்டுபோகும்போதெல்லாம், “அக்கா, கொழம்பு ஊத்து” என்று சமையலறைப் பக்கம் திரும்பிவிடுவார். இரண்டு வருடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார். இறுதிச் சடங்குக்கு அந்த ஏழு பேரும் வந்திருந்தார்கள். அன்றும் நான் சொல்லவில்லை.

2012இல், கடலூர்ப் பக்கத்தையே புரட்டிப்போட்ட பெரும்புயல் அடித்து ஓய்ந்த சில மாதங்களில், தொழிற்சாலையை இடித்து இரும்பை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எதிரே டீக்கடையில் பாய்லர்க்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். நோட்டு என்னிடம் இருந்தது, பெயர்களை வேண்டுமென்றே விட்டேன், மச்சான் எனக்காகப் பொய் சொன்னார்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். “தெரியும் சார். அந்த மனுஷன் மறக்கற ஆளா? உங்கள அவரு விட்டுக்குடுக்கல. அவர நாங்க எப்பிடி விட்டுக்குடுக்கறது? அதான் நம்புன மாதிரி திட்டிட்டு வந்துட்டோம்.”

இப்போதாவது எல்லோர் பெயரையும் போட்டு மறுபடி கண்காட்சி வைக்கிறேன் என்றேன். “வேணாம் சார். போடுங்கன்னு கேட்ட ஆளே இப்ப இல்ல, இனிமே என்னாத்துக்கு?” என்றார். அதனால்தான் இங்கேயும் ஒருவர் பெயரையும் எழுதவில்லை. பிறகு அவர் ஒன்று கேட்டார். “அத்தன போட்டோ எடுத்தீங்களே, உங்க மச்சான் நின்ன எடம் அதுல எது?”

எனக்குத் தெரியவில்லை. நோட்டில் அவர் தன் பெயரை எழுதவே இல்லை. நானும் ஒரு ஞாயிறுகூடக் கேட்டதில்லை.

“மேல் மாடி சார். படி ஏறுனதும் ரெண்டாவது தொட்டி. அங்கதான் நிப்பாரு.”

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு நாள் மச்சான் இரும்புப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “மேல ஒரு எடம் இருக்கு, வரீங்களா மாமா?” என்று கேட்டார். நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, “அங்க வெளிச்சம் பத்தாது மச்சான், அப்புறம் பாக்கலாம்” என்றேன். “சரி மாமா” என்று காலைக் கீழே எடுத்து வைத்துவிட்டு என்னோடு வந்தார்.

இப்போதும் கடலூர் பேருந்தில் குடிகாட்டைக் கடக்கும்போது, அந்த மேல்மாடி இருந்த உயரத்தைக் கண் தேடிப் போகிறது. தொட்டியும் இல்லை, படியும் இல்லை. அங்கே இப்போது வெளிச்சம் நிறைய இருக்கிறது.